தாய்நாடு ஏற்காத தாங்கி: விக்கேர்ஸ் ஆறு தொன் இலகு தாங்கியின் அமைப்பும் பணி வரலாறும்

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளில் உருவான போர்க்கருவிகளுள், தன்னை ஆக்கிய நாட்டின் படையாற் புறக்கணிக்கப்பட்டுப் பிறநாட்டுப் படைகளால் விரும்பி ஏற்கப்பட்டவை மிகச் சிலவே. அவற்றுள் முதலிடம் பெறுவது 1928 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் விக்கேர்ஸ்-ஆம்ஸ்ரோங் நிறுவனம் அமைத்த ஆறு தொன் இலகு தாங்கியாகும். அந்நிறுவனம் நேரடியாகச் செய்து விற்றவை ஏறத்தாழ 150 மட்டுமே. ஆனால் அதன் வழித்தோன்றல்களின் தொகை பதினோராயிரத்தையும் கடந்தது. தென் அமெரிக்காவின் முட்புதர்க் காடு, ஷங்ஹாய் நகரத் தெருக்கள், ஸ்பெயினின் மேட்டுநிலம், பின்லாந்தின் பனிவெளி எனத் தம்முள் ஒப்புமையற்ற களங்களிலெல்லாம் இவ்வமைப்பு போரிட்டது. ஒரு படை வேண்டாமென்ற கருவியை உலகம் ஏன் வேண்டியது என்பதும், இங்கிலாந்துப் படைத்துறையின் மறுப்பு குறுகிய பார்வையின் விளைவுதானா என்பதும் நாம் இங்கு ஆராய முற்படும் வினாக்களாம்.

பொருளினுட் புகுமுன் பெயரைப் பற்றி ஒரு சொல். 1915-16 இல் இக்கருவி முதன்முதல் ஆக்கப்பட்டபோது, மறைபொருளைக் காக்கும் பொருட்டு அதனை நீர் நிரப்பும் கொள்கலம் எனக் கூறி வைத்தனர். ஆங்கிலப் பெயர் அவ்வாறே நிலைத்தது. ஈழத்துத் தமிழில் நாம் வழங்கும் 'தாங்கி' என்னும் சொல்லும் நீர்த்தாங்கியையும் போர்த்தாங்கியையும் ஒருங்கே குறிப்பதால், அன்றைய அம்மாறுவேடம் நம் மொழியிலும் தானாகவே குடிபுகுந்துவிட்டது.

முதலாம் உலகப் போர் முடிந்ததும் தாங்கிகளைக் கண்டுபிடித்த நாடே அவற்றிற்குப் பணம் ஒதுக்கத் தயங்கியது. அடுத்த பத்தாண்டுகளில் பெரும்போர் எதுவும் நேராது என்ற எடுகோளை 1919 இல் பிரித்தானிய அரசு தன் பாதுகாப்புச் செலவினத்திற்கு அடிப்படையாகக் கொண்டது. புல்லர், லிடெல் ஹாட் முதலியோர் இயந்திரமயமான படையின் எதிர்காலத்தைப் பற்றி எழுதி வந்தனர்; 1927 இல் சோல்ஸ்பரிச் சமவெளியில் ஒரு பரிசோதனைப் படையும் அமைக்கப்பட்டது. எனினும் சிந்தனை வளர்ந்த அளவிற்குத் திறைசேரியின் கை விரியவில்லை. படைத்துறையின் கட்டளைகளை மட்டும் நம்பி ஒரு படைக்கல நிறுவனம் வாழ இயலாத காலம் அது. 1927 இல் விக்கேர்ஸ் நிறுவனமும் ஆம்ஸ்ரோங் விற்வேர்த் நிறுவனமும் ஒன்றிணைந்தமைக்கும், அவ்விணைப்பில் உருவான நிறுவனம் வெளிநாட்டுச் சந்தையை நாடியமைக்கும் இந்நிலையே காரணமாயிற்று.

இச்சந்தைக்கேற்ற கருவியை ஆக்கும் ஆற்றல் இருவரிடம் இருந்தது. சேர் ஜோன் கார்டன், விவியன் லொயிட் ஆகிய இருவரும் இணைந்து நடத்திய சிறு நிறுவனம் ஓரிருவர் ஏறிச் செல்லும் மலிவான சிறு கவச வண்டிகளை அமைத்துப் பெயர் பெற்றிருந்தது. 1928 இல் விக்கேர்ஸ் அந்நிறுவனத்தை வாங்கியது. அதனோடு அவ்விருவரின் திறமையும் அதன் கைக்கு வந்தது. கார்டன் படைத்துறை மரபில் வந்தவரல்லர்; சிறிய மோட்டார் வண்டிகளைச் செய்து பழகியவர். எடை குறைவாக, உறுப்புக்கள் எளியனவாக, விலை தாங்கக் கூடியதாக ஒரு பொறியை எண்ணும் வழக்கம் அவருக்கு அத்தொழிலிலிருந்தே வந்ததெனலாம். அரசின் கட்டளை எதுவுமின்றி நிறுவனத்தின் சொந்தச் செலவிலேயே ஆறு தொன் தாங்கி உருவாயிற்று.

பெயரில் ஆறு தொன் இருப்பினும் உண்மை எடை ஏழு தொன்னிற்கு மேற்பட்டது. பீரங்கி பூட்டிய வகை எட்டுத் தொன்னை நெருங்கியது. நீளம் ஏறத்தாழ நாலரை மீற்றர். ஓட்டுநரோடு மூவர் இதனை இயக்கினர். கவசத் தகடுகள் தறையாணிகளாற் பிணைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மிகக் கூடிய தடிப்பு தொடக்கத்தில் 13 மில்லிமீற்றர். துப்பாக்கிக் குண்டைத் தடுப்பதே அதன் நோக்கம். பீரங்கிக் குண்டைத் தடுக்க அது எண்ணப்படவேயில்லை. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இதனை மனங்கொள்ளுதல் வேண்டும்.

'ஏ' வகையிற் பக்கம் பக்கமாக இரு சிறு சுழற்கோபுரங்கள் அமைந்து, ஒவ்வொன்றிலும் ஓர் இயந்திரத் துப்பாக்கி இருந்தது. பகைவரின் அகழியைக் கடக்கும்போது இரு புறமும் ஒரே வேளையிற் சுடலாம் என்பது இதன் கருத்து. கடந்த போரின் நினைவு இவ்வமைப்பில் தெளிவாகப் பதிந்துள்ளது. ஆயின் பகைவர் ஒரு புறத்தில் மட்டும் நிற்பின், மறு கோபுரத்தின் துப்பாக்கிக்கு அண்டைக் கோபுரமே தடையாயிற்று. 'பீ' வகையோ வருங்காலத்தை நோக்கியது. அதில் இருவர் அமரும் ஒரே கோபுரத்தில் 47 மில்லிமீற்றர்க் குறும்பீரங்கியும் இயந்திரத் துப்பாக்கியும் ஒரே தாங்குபீடத்தில் இணைக்கப்பட்டு ஒன்றாகத் திரும்பின. ஒருவர் குறிபார்த்துச் சுட, மற்றவர் குண்டை இட்டுக் கொடுக்கலாம். அக்காலப் பிரெஞ்சு இலகு தாங்கிகளில் ஒரே மனிதன் தலைவனாகவும் சுடுநனாகவும் குண்டிடுவோனாகவும் இடர்ப்பட்டதோடு ஒப்பிடின் இதன் சிறப்புப் புலனாகும்.

எனினும் வாங்குவோரைக் கவர்ந்தது கோபுரத்தைக் காட்டிலும் அடிப்பகுதியே என்பது எம் கருத்து. ஒவ்வொரு பக்கத்திலும் எட்டுச் சிறு சக்கரங்கள், நான்கு நான்காக இரு தொகுதிகளிற் பிணைக்கப்பட்டுத் தகட்டு வில்களால் தாங்கப்பட்டன. அமைப்பு எளியது, பழுதுற்றால் திருத்துவதும் எளிது. மங்கனீசு உருக்காற் செய்யப்பட்ட சங்கிலித் தடம் முன்னைய தடங்களைவிடப் பன்மடங்கு நீடித்து உழைத்தது. முதலாம் உலகப் போர்த் தாங்கிகளின் தடங்கள் மிகக் குறுகிய ஓட்டத்திலேயே தேய்ந்து போனமையால், களத்திற்கு அவற்றைப் புகைவண்டியிற் கொண்டுசெல்ல நேர்ந்தது. ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் ஓடவல்ல தடம் கிடைத்ததும் தாங்கி தன் காலில் தானே நடக்கும் கருவியாயிற்று. தொழில்வளம் குறைந்த நாடுகளுக்கு இது பெரும் பேறு.

குறை எங்கிருந்ததெனின், எஞ்சினிலிருந்தது. ஆம்ஸ்ரோங் சிட்லி நிறுவனத்தின் நான்கு உருளை எஞ்சின், கிடையாகப் படுத்த நிலையிற் பின்புறம் பொருத்தப்பட்டு ஏறத்தாழ 90 பரிவலுவைத் தந்தது. மணிக்கு 35 கிலோமீற்றர் வரை வேகம் கிட்டியது. படுத்த எஞ்சினால் தாங்கியின் பின்மேடை தாழ்ந்தமைந்தது உண்மையே. ஆனால் அது காற்றாற் குளிர்விக்கப்படுவது; மூடிய கவசப் பெட்டியினுள் காற்றோட்டம் போதாமல் அளவு கடந்து சூடேறியது. போலந்துப் படையினர் தாம் வாங்கிய தாங்கிகளிற் காற்றை உள்ளிழுக்கும் பெரிய பெட்டிகளைப் பக்கங்களிற் பொருத்த நேர்ந்தது. விக்கேர்ஸ் நிறுவனமே பின்னர் றோல்ஸ் றொய்ஸ் எஞ்சின் கொண்ட ஒரு மாற்று வகையை அமைத்துப் பார்த்தது. பெல்ஜியம் அதனைச் சோதித்தும் ஏற்கவில்லை.

பிரித்தானியப் படைத்துறை ஆறு தொன் தாங்கியைச் சோதித்தது. சக்கரங்களைத் தாங்கும் அமைப்பின் உறுதியில் ஐயங்கொண்டு அதனை ஏற்காது விட்டது. இதனைப் படைத்துறையின் மூடத்தனத்திற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவது வழக்கமாகியுள்ளது. நாம் அவ்வளவு விரைந்து தீர்ப்புக் கூறமாட்டோம். அன்று அப்படையிடம் விக்கேர்ஸ் நிறுவனத்தினதே ஆன பன்னிரண்டு தொன் அளவிலான நடுத்தரத் தாங்கிகள் இருந்தன. வேவு பார்ப்பதற்கு அவற்றினும் மிகச் சிறிய, இயந்திரத் துப்பாக்கி மட்டும் கொண்ட வண்டிகள் போதுமென அது கருதியது. குடியேற்ற நாடுகளைக் காவல் செய்யும் படைக்கு மலிவும் எண்ணிக்கையுமே முதன்மையாயின. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றிற்கு அதன் திட்டத்தில் இடமிருக்கவில்லை. மேலும் மறுப்பு முழுமையானதுமன்று: இதே அடித்தளத்தின்மீது அமைந்த பீரங்கி இழுக்கும் வண்டிகளை அப்படை சிறு தொகையில் வாங்கியது. தவறு வேறிடத்தில் உள்ளது. 1940 இல் பிரான்சுக்குச் சென்ற பிரித்தானிய இலகு தாங்கிகளிற் பீரங்கியே இல்லை. 'பீ' வகையின் இருவர் கோபுரமும் பீரங்கியும் கற்பித்திருக்கக்கூடிய பாடத்தைத் தாங்கியோடு சேர்த்துத் தள்ளிவிட்டமையே பிழை.

வாங்கியோருட் பெரியவர் சோவியத் ஒன்றியத்தினர். இன்னொகென்ரி ஹலெப்ஸ்கியின் தலைமையில் வந்த கொள்வனவுக் குழு 1930 மே 28 இல் பதினைந்து இரட்டைக் கோபுரத் தாங்கிகளுக்கும், அவற்றைத் தம் நாட்டில் ஆக்குவதற்கான உரிமைக்கும் ஒப்பந்தம் செய்தது. 1931 பெப்ரவரி 13 இல் அவ்வமைப்பு 'ரி-26' என்னும் பெயருடன் செம்படையில் ஏற்கப்பட்டது. லெனின்கிராட்டின் தொழிற்சாலை அதுவரை அத்தகைய நுட்ப வேலையைப் பெருந்தொகையிற் செய்து அறியாதது. முதல் எஞ்சின்கள் பெருமளவிற் பழுதுற்றன. தகடுகளின் தரமும் குறைந்தது. ஆயினும் அத்தொழிற்சாலை கற்றுக்கொண்டது. 1933 இல் இரட்டைக் கோபுரத்தைக் கைவிட்டு 45 மில்லிமீற்றர்ப் பீரங்கி பூட்டிய ஒற்றைக் கோபுர வகை வந்தபோது, உலகில் அன்று வழக்கிலிருந்த இலகு தாங்கிகளுள் வலிய படைக்கலம் கொண்டதாக அது விளங்கியது. தீ உமிழும் வகை, பாலம் இடும் வகை, ஆளின்றி வானொலி அலையால் இயக்கப்படும் வகை என அதன் கிளைகள் பெருகின. 1941 வரை ஆக்கப்பட்டவை 11,000 இற்கு மேற்பட்டன.

இப்பெருக்கத்திலேயே அதன் நலிவும் அடங்கியிருந்தது. கவசமும் கருவிகளும் கூடக்கூட எடை பத்துத் தொன்னை எட்டியது. எஞ்சினோ அதே ஆங்கில எஞ்சினின் படியாகிய 90 பரிவலு எஞ்சின். ஏழு தொன்னிற்கு எண்ணிய வில்லும் சக்கரமும் பத்துத் தொன்னைச் சுமந்தன. ஓர் அமைப்பிற்கு அது தாங்கக்கூடிய வளர்ச்சியின் எல்லை உண்டு. அவ்வெல்லை 1936 அளவிலேயே எட்டப்பட்டுவிட்டதென நாம் கருதுகிறோம்.

போர்க்களத்தை முதலிற் கண்டவை பொலிவியாவின் மூன்று தாங்கிகள். சாக்கோ நிலப்பரப்பிற்காகப் பராகுவேயோடு 1932 முதல் 1935 வரை நடந்த போரில், 1933 யூலையில் நனாவாக் காவலரணைத் தாக்க ஜெனரல் ஹான்ஸ் குண்ட் அவற்றை ஏவினார். அமெரிக்கக் கண்டங்களில் நாடுகளுக்கிடையே நடந்த போரொன்றில் தாங்கிகள் பயன்பட்டது இதுவே முதன்முறை. வெயிலிற் காய்ந்த உருக்குப் பெட்டியினுள் ஆட்கள் நெடுநேரம் இருக்க முடியவில்லை. அடர்ந்த முட்புதர் பார்வையை மறைத்தது. துணைசெல்ல வேண்டிய காலாட்படை குண்டுமழையில் வீழ்ந்தது, அரண் வீழவில்லை. அத்தாங்கிகளிற் சில பின்னர் பராகுவேயர் கைக்குச் சென்றன. மூன்று தாங்கிகளைக் கொண்டு போரின் போக்கை மாற்றலாம் என்ற எண்ணமே வியப்புக்குரியது.

சீனா ஏறத்தாழ இருபது 'பீ' வகைத் தாங்கிகளை வாங்கி, 1937 இல் ஷங்ஹாய்ப் போரில் இறக்கியது. குறுகிய தெருக்களிற் காலாட்படையின் உறுதியான ஒத்துழைப்பின்றிச் செலுத்தப்பட்ட அவற்றுட் பெரும்பாலானவை அழிந்தன. சீயம், பல்கேரியா ஆகிய நாடுகளும் சிறு தொகையில் வாங்கின.

ஸ்பானிய உள்நாட்டுப் போரே இவ்வமைப்பின் பெரும் சோதனைக்களமாயிற்று. சோவியத் ஒன்றியம் குடியரசுத் தரப்புக்கு 281 ரி-26 தாங்கிகளை அனுப்பியது. 1936 ஒக்டோபர் 29 இல் போல் ஆர்மன் என்னும் அதிகாரியின் தலைமையிற் பதினைந்து தாங்கிகள் மத்ரித்துக்குத் தெற்கேயுள்ள செசேஞா ஊரினுட் புகுந்து எதிரியின் பின்புறம் வரை சென்றன. இத்தாலிய, ஜேர்மானிய இலகு வண்டிகளில் இயந்திரத் துப்பாக்கிகளே இருந்தமையால் அவை இதன் பீரங்கிக்கு ஈடாகவில்லை. ஆயின் குடியரசுக் காலாட்படை பின்தொடரவில்லை. பிடித்த இடத்தைப் பேண ஆளின்றித் தாங்கிகள் திரும்பின. தெருவிற் பெற்றோல் நிரப்பிய போத்தல்கள் அவற்றின்மீது வீசப்பட்டன. விரைவில் ஜேர்மனியின் 37 மில்லிமீற்றர்த் தாங்கி எதிர்ப்புப் பீரங்கி வந்து சேர்ந்தது. அதன் குண்டுக்கு 15 மில்லிமீற்றர்த் தகடு தடையாகவில்லை. பிராங்கோவின் படையினரோ கைப்பற்றிய ரி-26 தாங்கிகளைத் தம் நண்பர் தந்தவற்றினும் மேலாக மதித்துப் பயன்படுத்தினர்.

ஒரே களத்திலிருந்து இரு வேறு பாடங்கள் கற்கப்பட்டன என்பது ஈண்டு நோக்கற்பாலது. பீரங்கிக் குண்டைத் தாங்கும் கவசம் வேண்டுமென்று பொறியியலாளர் உணர்ந்தனர். பின்னர் வந்த ரி-34 அவ்வுணர்வின் விளைவு. தாங்கிகள் காலாட்படையோடு பிணைந்தே இயங்கவேண்டுமெனப் படைத்தலைவர் சிலர் முடிவு செய்து, 1939 இல் பெரிய தாங்கிப் படைப்பிரிவுகளைக் கலைத்தனர். முன்னது சரியான பாடம். பின்னதன் விலை 1941 இல் தெரிந்தது. அவ்வாண்டு யூனில் செம்படையிடம் ஏறத்தாழ 10,000 ரி-26 தாங்கிகள் இருந்தன. அவற்றுட் பல உதிரியுறுப்புக்கள் இன்றி ஓடமுடியாத நிலையிலிருந்தன. போர் தொடங்கிய சில மாதங்களுக்குள் அப்பெருந்தொகையில் மிகப் பெரும் பகுதி அழிந்தது, அல்லது வழியிற் கைவிடப்பட்டது.

போலந்தின் வரலாறு வேறு. 1931 இல் 38 தாங்கிகளையும் ஆக்கும் உரிமையையும் வாங்கிய அந்நாடு, ஆங்கில எஞ்சினை விலக்கி, சுவிற்சர்லாந்தின் சோரர் நிறுவன அமைப்பிலான 110 பரிவலு டீசல் எஞ்சினைப் பொருத்தியது. சுவீடனின் பொபோர்ஸ் 37 மில்லிமீற்றர்ப் பீரங்கியும் சேர்ந்தது. ஏழு தொன் போலந்துத் தாங்கி எனப் பொருள்படும் '7 ரி.பி.' இவ்வாறு பிறந்தது. மூல அமைப்பின் உண்மைக் குறையை அறிந்து திருத்திய ஒரே வழித்தோன்றல் இதுவே என்பது எம் துணிபு. ஆனால் ஆக்கப்பட்டவை 130 இற்குச் சற்றுக் கூடியனவே. 1939 செப்தெம்பரில் அவை எதிர்கொண்ட ஜேர்மானியத் தாங்கிகளுள் எதனையும் துளைக்கவல்லனவாயிருந்தும், சிறு சிறு தொகுதிகளாகச் சிதறிப் போரிட்டு மறைந்தன. அதே மாதம் 17 ஆம் நாள் கிழக்கெல்லையைக் கடந்து போலந்தினுட் புகுந்த செம்படையின் தாங்கிகளுட் பல ரி-26 என்பதையும் நாம் மறத்தலாகாது.

போலந்து தந்த ஒன்று மட்டும் நிலைத்தது. றூடோல்ப் குண்ட்லாக் என்னும் பொறியியலாளர் அமைத்து 1936 இல் ஆக்கவுரிமை பெற்ற சுழல் மறைநோக்கி, தலைவன் தன் இருக்கையில் திரும்பாமலே நாற்புறமும் காண உதவியது. 7 ரி.பி. தாங்கியிற் பொருத்தப்பட்ட அதன் உரிமையை விக்கேர்ஸ் நிறுவனம் பெற்றது. போர்க்காலப் பிரித்தானியத் தாங்கிகளெல்லாம் அதனைக் கொண்டிருந்தன. உரிமையை விற்றவரே வாங்கியவரிடம் மாணாக்கராயினர்.

எல்லாவற்றினும் துயரான காட்சி பின்லாந்தில் நிகழ்ந்தது. 1936 இல் அந்நாடு 32 ஆறு தொன் தாங்கிகளுக்குக் கட்டளையிட்டது. செலவைக் குறைக்கும் பொருட்டுப் பீரங்கி, குறிநோக்கி, வானொலி எதுவுமின்றி அவை வாங்கப்பட்டன. பீரங்கியை உள்நாட்டிற் பொருத்துவதென முடிவாயிற்று. 1939 நவெம்பர் 30 இல் சோவியத் படை தாக்கியபோது பெரும்பாலானவற்றிற்குப் பீரங்கி பூட்டப்பட்டிருக்கவில்லை. 1940 பெப்ரவரி 26 இல் ஹொன்கனியெமி என்னுமிடத்தில் அவை முதன்முதற் களம் புகுந்தன. புறப்பட்டவை பதின்மூன்று, கோளாறுகளைக் கடந்து போரிட்டவை எட்டு. எதிரே நின்றவை ரி-26. ஒரே வரைபடத்திலிருந்து பிறந்த இரு தாங்கிகள், ஒரே அடித்தளத்தோடும் ஒரே வகை எஞ்சினோடும், பனிக்காட்டினுள் ஒன்றையொன்று சுட்டன. தம்மவர் தம்மைச் சுட்டுவிடாதபடி பின்லாந்தினர் கோபுரத்தைச் சுற்றி வெள்ளை, நீலப் பட்டைகள் தீட்டியிருந்தனர். அத்துணை ஒப்புமை இரண்டிற்கும் இருந்தது. போரிட்ட பின்லாந்துத் தாங்கிகளிற் பெரும்பாலானவை அங்கேயே அழிந்தன.

இங்கு படைக்கல வாணிகத்தைப் பற்றிய வினா எழுவது இயல்பே. விக்கேர்ஸ் நிறுவனம் போலந்துக்கும் விற்றது, சோவியத் ஒன்றியத்துக்கும் விற்றது, பின்லாந்துக்கும் விற்றது; அவையெல்லாம் வெளிப்படையான, சட்டத்திற்குட்பட்ட ஒப்பந்தங்கள். 1930 இல் எந்த நாடு எதனைத் தாக்கும் என நிறுவனம் முன்னறிந்திருக்க வேண்டுமென்பது மிகையாகும். எனினும் விற்றது தாங்கியை மட்டுமன்று, ஆக்கும் அறிவையும் என்பதை மறுக்க இயலாது. பதினைந்து தாங்கிகளின் விலை பெரிதன்று. அவற்றோடு சென்ற வரைபடமே பதினோராயிரம் தாங்கிகளாகியது.

கார்டன் இவற்றிற் பெரும்பாலானவற்றைக் காணவில்லை. 1935 டிசெம்பரில் இங்கிலாந்தின் டாட்ஸ்பீல்ட் அருகே வீழ்ந்த பெல்ஜிய விமானமொன்றில் அவர் உயிரிழந்தார்.

பிற்கால வரலாற்றைச் சுருங்கக் கூறலாம். ஐரோப்பியக் களங்களிலிருந்து ரி-26 விரைவில் மறைந்த போதிலும், தூரகிழக்கில் எஞ்சியிருந்தவை 1945 ஓகஸ்டில் மஞ்சூரியாவில் ஜப்பானுக்கெதிராக இறுதிமுறையாகப் போரிட்டன. ஸ்பெயினில் அவை 1950 களின் தொடக்கம் வரை படையில் இருந்தன. பின்லாந்தினர் தம்மிடம் எஞ்சிய ஆங்கிலத் தாங்கிகளிற் கைப்பற்றிய சோவியத் 45 மில்லிமீற்றர்ப் பீரங்கியைப் பூட்டி, ஆங்கிலேயத்தைக் குறிக்கும் எழுத்தைச் சேர்த்து 'ரி-26 ஈ' எனப் பெயரிட்டனர். தாய் அமைப்பு தன் மகவின் பெயரையும் பீரங்கியையும் ஏற்று, 1959 வரை அந்நாட்டுப் படையிற் பயிற்சிக்குப் பயன்பட்டது. அவற்றுள் ஒன்று பின்லாந்தின் பரோலாவிலுள்ள கவசப்படை அரும்பொருட்சாலையில் வைக்கப்பட்டுள்ளது.